வீட்டிற்கு இணைய இணைப்பு: பழுது நேர்ந்தால் வருபவர் யார்?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

பம்பு செட்டு வாங்கப் புறப்படும் விவசாயி அதன் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புவதில்லை. மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தருபவர் பக்கத்தில் உண்டா, உதிரிப் பாகங்கள் திருவண்ணாமலையிலேயே கிடைக்குமா, வேலூருக்கோ சென்னைக்கோ எடுத்துச் செல்ல நேருமா என்பனவற்றையும் விசாரித்த பிறகே பணத்தை எண்ணித் தருகிறார். நெசவாளரும் அவ்வாறே. நூலின் நிறத்தைக் கண்டு மயங்காமல், அது பாவில் நின்று தாங்குமா என்பதை இழுத்துப் பார்த்தே வாங்குகிறார்.

இத்துணை விவேகம் உடைய நம் அங்கத்தினர்கள், வீட்டிற்கு இணைய இணைப்புப் பெறும்போது மட்டும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகத்தையும் சிறிய தொகையாகக் காட்டிய சந்தாவையும் கண்டு முடிவு செய்துவிடுகின்றனர். இணைப்பு நன்றாக இயங்கும் நாட்களில் எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அது அற்றுப்போகும் நாளில்தான் ஒன்றுக்கொன்று உள்ள வேற்றுமை விளங்கும். எனவே, பழுது நேர்ந்தால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை முன்னதாகவே அறிந்து தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. இணைப்பு அறுந்தால் நேரும் நஷ்டம்

இணையம் வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் கடந்துவிட்டது. ஆரணிப் பகுதியில் பட்டு நெய்யும் குடும்பத்திற்குக் கரை, முந்தி ஆகியவற்றின் மாதிரிப் படங்கள் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. நெய்த சேலையின் படத்தை அனுப்பி ஒப்புதல் பெறுவதும் அவ்வழியேதான். விவசாயிகளோ, 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட தேசிய மின்னணு வேளாண் சந்தையில் விளைபொருள்களின் விலையைப் பார்க்கின்றனர். மழை அறிவிப்பையும் வங்கிக் கணக்கையும் வீட்டிலிருந்தே அறிகின்றனர். பிள்ளைகளின் பாடங்களும் தேர்வு விண்ணப்பங்களும் இதனையே நம்பி நிற்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, ஒரு கம்பெனியின் மாதச் சந்தா ரூ. 500, மற்றொன்றின் சந்தா ரூ. 600 என்று கொள்வோம். ஓராண்டில் வேற்றுமை ரூ. 1,200. குறைந்த சந்தாவை வாங்கும் கம்பெனியின் இணைப்பு ஆண்டில் இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று நாள் அறுந்து கிடக்கிறது என்றும், அதனால் மாதிரிப் படம் வராமல் தறி நின்று நாளொன்றுக்கு ரூ. 400 கூலி போகிறது என்றும் வைத்துக்கொண்டால், நஷ்டம் ரூ. 2,400 ஆகும். ரூ. 1,200 மிச்சம் பிடித்தவர் அதைப்போல் இருமடங்கு இழந்துவிட்டார். சந்தாவுடன் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் சேரும் என்பதையும் நினைவிற்கொண்டே விலைகளை ஒப்பிட வேண்டும்.

2. எத்தனை வேகம் தேவை?

வேகம் மெகாபிட் என்னும் அளவால் கூறப்படுகிறது. நாம் அனுப்பும் படம் முதலியவற்றின் பருமன் மெகாபைட் என்னும் அளவால் கூறப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட் என்றே பொருள்.

நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்டு கொள்கையின்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்டு எனப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அக்குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. காணொளிப் பாடம் ஒன்று தடையின்றி நடக்க நான்கைந்து மெகாபிட் போதும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு 30 முதல் 50 மெகாபிட் வரை தாராளமாகும். அதற்கு மேற்பட்ட வேகத்திற்குத் தரும் பணத்தை, நல்ல பராமரிப்பு உள்ள கம்பெனியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுவதே மேல். சேலைப் படங்களை அனுப்புபவர், பெறும் வேகத்துடன் அனுப்பும் வேகத்தையும் தனியே கேட்டறிதல் நன்று.

3. கம்பி யாருடையது? ஆள் யாருடையவர்?

இப்பொழுது வீடுகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கம்பி (ஃபைபர்) வழியே இணைப்பு வருகிறது. கம்பியின்றிக் கோபுரத்திலிருந்து வீட்டுக் கூரைக்கு வரும் ‘ஏர்ஃபைபர்’ சேவையை ஏர்டெல், ஜியோ ஆகிய இரு கம்பெனிகளும் 2023ஆம் ஆண்டு தொடங்கின. கம்பி செல்ல இயலாத இடங்களில் அது பயன்படும்.

இங்கே நன்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விளம்பரப் பலகையில் உள்ள பெயர் ஒருவருடையதாகவும், நம் தெருவில் கம்பி இழுத்தவர் வேறொருவராகவும் இருத்தல் கூடும். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அமைக்கப்பட்ட அரசு நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல்., தன் இழை இணைப்புகளிற் பலவற்றை வருவாய்ப் பங்கீட்டு முறையில் உள்ளூர்க் கூட்டாளிகளின் வாயிலாகத் தருகிறது. கேபிள் டிவி நடத்துவோர் பலரும் பெரிய கம்பெனிகளின் இணைப்பை வாங்கி விநியோகிக்கின்றனர். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. உள்ளூர்க்காரர் நல்லவராயின், அழைத்த மாலையே ஏணியுடன் வந்து நிற்பார். அவர் அசட்டையாக இருப்பின், கம்பெனி அவரைக் காட்டும், அவர் கம்பெனியைக் காட்டுவார். நம் வீட்டில் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். ஆதலின் கம்பெனியின் பெயரை விசாரிப்பதோடு, நம் தெருவிற்குரிய லைன்மேன் யார், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அவருக்கு மாற்றாள் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

4. சேருமுன் செய்யத்தக்க ஐந்து சோதனைகள்

முதலாவது: அதே தெருவில் அதே இணைப்பை ஓராண்டேனும் பயன்படுத்திய மூன்று வீடுகளில் கேளுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. “கடைசியாக எப்பொழுது நின்றது? எத்தனை நாளில் சரியாயிற்று? எத்தனை முறை அழைத்தீர்கள்?” என்று கேளுங்கள். அடுத்த தெருவின் அனுபவம் நமக்குப் பொருந்தாது. கம்பம் மாறினால் கம்பியும் மாறும், ஆளும் மாறுவார்.

இரண்டாவது: பணம் கட்டுவதற்கு முன்பே, புகார் எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் மனிதர் பேசுகிறார், தமிழில் பேசுகிறாரா, கேட்டதற்கு விடை தருகிறாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை எண்ணுக்கு அழைத்தால் உடனே எடுப்பார்கள். அதனைச் சோதனையாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது: முதலிலேயே ஓராண்டுச் சந்தாவைச் செலுத்தினால் தள்ளுபடி என்பர். மூன்று மாதங்களேனும் மாதச் சந்தாவில் இருந்து பார்த்த பின்னரே அதற்கு இசையலாம். முன்பணம் முழுவதும் கைமாறிய பிறகு, விலகிவிடுவோம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு வலிமை குறைந்துவிடுகிறது.

நான்காவது: இணைப்புக் கட்டணம், மோடத்தின் வைப்புத்தொகை, விலகினால் அது திரும்பும் முறை, மாதத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் எவ்வளவு குறையும் என்பனவற்றை எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி உறுதிக்குச் சாட்சி இல்லை.

ஐந்தாவது: நம் ஊருக்கே உரிய இடர்களைச் சொல்லிக் கேளுங்கள். கார்த்திகைத் தீபத்தின்போதும் பௌர்ணமிதோறும் பல இலட்சம் மக்கள் கூடும் நகரம் இது. மாட வீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் வண்டிகள் நுழைய இயலாத அந்நாட்களில் பழுது பார்ப்பவர் எவ்வாறு வருவார்? வடகிழக்குப் பருவமழையில் கம்பம் சாய்ந்தால் மாற்றுவழி உண்டா? குரங்குகளையும் மறந்துவிடலாகாது. காசி நகரில் கங்கைக் கரையோரமாக இழுத்திருந்த இழைக் கம்பிகளைக் குரங்குகள் கடித்து அறுத்த செய்தி 2015ஆம் ஆண்டு உலகெங்கும் வெளிவந்தது. மலையடிவாரத்தில் குடியிருப்போர் கம்பியைக் குழாயினுள் செலுத்தித் தரும்படி கேட்பது நியாயமேயாகும்.

5. இணைப்பு வந்த நாளில்

மோடத்தில் மூன்று விளக்குகளை அறிந்துகொண்டால் போதும். மின்சார விளக்கு அணைந்திருந்தால் குற்றம் நம் வீட்டு மின்சாரத்திலோ அடாப்டரிலோ உள்ளது. ‘லாஸ்’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையின் வழியே ஒளி வரவில்லை. வெளியே கம்பி அறுந்திருக்கலாம். இவ்விரண்டும் சரியாக இருந்து, இணையம் மட்டும் இல்லையெனில், குற்றம் வைஃபையிலோ கணக்கிலோ இருக்கலாம். புகார் கூறும்போது விளக்கின் நிலையைச் சொன்னால், “அணைத்துப் போட்டுப் பாருங்கள்” என்று காலங்கடத்த இடமிராது.

லைன்மேனிடம் ஒளியின் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது −20 என்பது போலக் கழித்தற் குறியுடன் காட்டப்படும். பொதுவாக −27ஐத் தாண்டிச் சென்றால் ஒளி வலுவிழந்துள்ளது என்று பொருள். முதல் நாளின் அளவு கையில் இருந்தால், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வேகத்தை அளக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மைஸ்பீட்’ செயலி உள்ளது.

6. பழுது நீங்காவிடில் செய்யவேண்டுவது

டிராய் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் 2012ஆம் ஆண்டுப் புகார் தீர்வு ஒழுங்குமுறையின்படி, கம்பெனி கட்டணமில்லாப் புகார் எண்ணை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும். அந்தப் பதிவு எண்ணே நம் ஆவணம். லைன்மேனின் கைப்பேசிக்கு மட்டும் அழைத்துவிட்டுக் காத்திருப்பவருக்குப் புகார் செய்தார் என்பதற்கே அத்தாட்சி இல்லாமற் போகிறது. அவரை அழையுங்கள், ஆனால் பதிவு எண்ணையும் பெறுங்கள்.

குறித்த காலத்தில் தீர்வு இல்லையெனில், அல்லது தீர்வு திருப்தி தராவிடில், 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர ஒழுங்குமுறையின்படி, பணம் செலுத்திய 7 நாட்களுக்குள் 98 சதவீத இணைப்புகளைத் தந்துவிட வேண்டும். கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடிக்கைக்காரர் ஈடு பெறுவதற்கு உரியவர். மிகச் சிறிய இணையக் கம்பெனிகள் இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே இருத்தல் கூடும். ஆதலின் சேருமுன்னரே “மேல்முறையீட்டு அதிகாரி யார்?” என்று கேட்பது நல்ல சோதனை. விடை கிடைக்காத இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

டிராய் தனிமனிதர் புகாரைத் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் ஏற்கலாகாது என்று 2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூறியிருந்தமையால் சிலகாலம் ஐயம் இருந்தது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அவை ஏற்கலாம் என்று தெளிவுபடுத்தியது. ரூ. 5 இலட்சம் வரை செலுத்திய சேவைக்கான வழக்கிற்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

7. சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் வாடிக்கையை விட்டுச் சென்றால் கம்பெனிக்குப் பெரிய இழப்பில்லை. ஒரு தெருவில் இருபது வீடுகள் ஒருங்கே பேசினால் கம்பெனியின் மானேஜரே எழுந்து வருவார். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். தெரு, கம்பெனி, பழுது நேர்ந்த நாள், பதிவு எண், சரியான நாள் என்னும் ஐந்து பத்திகள் போதும். ஆறு மாதங்களில், எந்தத் தெருவில் எந்த இணைப்பு உறுதியானது என்பதை எந்த விளம்பரத்தையும்விட அது தெளிவாகக் காட்டும். சங்கம் எக்கம்பெனியிடமும் தரகு பெறலாகாது. பெற்றால் அப்புத்தகத்தின் மதிப்பு அன்றே போய்விடும்.

கூட்டுறவு இதற்கு மேலும் செல்லக்கூடியது என்பதற்கு உலகில் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் கிராம மின்சாரத்திற்கென அமைந்த கடனுதவி 1949ஆம் ஆண்டு தொலைபேசிக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாறு வளர்ந்த கிராமத் தொலைபேசிக் கூட்டுறவுகள் பல இன்று இழை இணைப்பும் தருகின்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமத்தார் 2011ஆம் ஆண்டு ‘பார்ன்’ என்னும் சங்கத்தை அமைத்துப் பங்குத்தொகை திரட்டினர்; விவசாயிகள் தம் நிலங்களில் தாமே பள்ளம் தோண்டிக் கம்பி பதித்தனர். நம் மாநிலத்திலும் பாரத்நெட் திட்டத்தின் கீழ் 12,525 கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் இன்றே பள்ளம் தோண்ட வேண்டுவதில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குவோம், அதுவே முதற்படி.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. உங்கள் வீட்டு இணைப்பு கடைசியாக நின்றது எப்பொழுது? எத்தனை நாளில் சரியாயிற்று? புகார்ப் பதிவு எண் உங்களிடம் உள்ளதா?

2. ஒரு நாள் இணைப்பு இல்லையெனில் உங்கள் தொழிலுக்கு நேரும் நஷ்டம் எவ்வளவு? அதனைச் சந்தா வேற்றுமையுடன் ஒப்பிடுக.

3. உங்கள் தெருவில் கம்பி இழுத்தவர் யார்? அவர் வராவிடில் அடுத்து யாரை அணுகுவீர்கள்?

4. நம் சங்கத்தில் பழுதுப் பதிவேட்டை எழுதும் பொறுப்பை ஏற்பவர் யார்?