'ஆபத்து குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. போன மாதம் தற்கொலைக்கு முயன்றுவிட்டான். ஊரில் தெரிந்தால் பேச்சாகிவிடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தோம். நான்கு நாளில் டிஸ்சார்ஜ். கிளம்பும்போது ஒரு டாக்டர் சில கேள்விகள் கேட்டு, தாளில் டிக் அடித்து, மறுபடி முயலும் ஆபத்து குறைவு என்று எழுதிக் கொடுத்தார். இப்போது நன்றாகத்தான் பேசுகிறான். ஆனாலும் அம்மா ராத்திரி தூங்குவதில்லை. அந்தத் தாளை நம்பலாமா?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

மனநல மருத்துவர் பதில்: அந்த ஒரு வரியை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். டாக்டர் பொய்யாக எழுதிவிட்டார் என்று சொல்லவில்லை. ஒருவர் அடுத்த மாதம் என்ன செய்வார் என்பதைச் சில கேள்விகளில் கண்டுபிடித்துவிடும் கருவி எந்த நாட்டிலும் இல்லை. தன்னைத் தானே வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் மறுபடியும் அப்படிச் செய்வதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிப் பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை. 'குறைவு' என்று எழுதப்பட்டவர்களிலும் இறந்தவர்கள் உண்டு. 'அதிகம்' என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருக்கிறார்கள். அதனால்தான் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2022-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: மதிப்பெண் போட்டு மறுமுயற்சியைக் கணிக்காதீர்கள், ஆட்களைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்காதீர்கள், அவருக்கு என்ன தேவை என்று பாருங்கள்.

அப்படியானால் டாக்டர் கேள்வி கேட்பதே வீணா? இல்லை. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். உயிர் பிழைத்ததை அறிந்தபோது நிம்மதியா, ஏமாற்றமா? யாரும் வராத நேரமாகப் பார்த்துச் செய்தாரா? இதற்கு முன்பும் முயன்றது உண்டா? குடி உண்டா, தூக்கம் எப்படி? எந்தப் பிரச்சினையால் செய்தாரோ அது வீட்டில் அப்படியே காத்திருக்கிறதா? உடம்புக்குப் பெரிய பாதிப்பில்லை என்பதால் 'சும்மா மிரட்டுகிறான்' என்று முடிவு கட்டுவது தவறு. உடல் பாதிப்பு சிறிதாக இருந்தும் சாகும் எண்ணம் உறுதியாக இருந்திருக்கலாம்.

இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கிடைப்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் 'தெரியாமல் சாப்பிட்டுவிட்டான்', 'வயிற்றுவலி தாங்கவில்லை' என்று குடும்பமே சொல்லிவிடுகிறது. டாக்டரும் அதையே எழுதிக்கொள்கிறார். அப்புறம் மனநல மருத்துவர் எதை வைத்து எடை போடுவார்? நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தால் இப்போதாவது நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மறுமுயற்சியைக் குறைக்கும் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுப்பது வழக்கமான நடைமுறைதான். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

சரி, எது காப்பாற்றும்? இதற்கு நம் சென்னையிலேயே பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986-இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர், இதில் பங்கேற்றார். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதோடு, டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முடிவு 2008-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். புது மாத்திரை இல்லை, பெரிய மிஷின் இல்லை. 'எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா, அந்த எண்ணம் வந்துச்சா?' என்று ஒருவர் விடாமல் கேட்டதற்கு இவ்வளவு பலன். இதை ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

உங்கள் விஷயத்தில் என் கவலையும் இதுதான். வைத்தியம் பார்த்தது ஒரு ஊரில், தம்பி இருப்பது இன்னொரு ஊரில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் விசாரிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகான முதல் சில வாரங்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். சிரித்துப் பேசுவது நல்லதுதான், அதை வைத்து மட்டும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

தம்பியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணம் வருவதற்கு முன் அவனுக்கு என்ன ஆகிறது, அப்போது தனியாக என்ன செய்தால் தணிகிறது, யாரிடம் போவான், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடலாம். வார்த்தைகள் அவனுடையதாக இருக்கட்டும். வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள பூச்சி மருந்து, தேவைக்கு மேலான மாத்திரைகள் எல்லாம் அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதுவரை கைக்கு எதுவும் கிடைக்காமல் இருப்பது பெரிய பாதுகாப்பு. மில்லில் சொல்லிச் சில மாதம் நைட் ஷிப்ட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கம் கெட்டால் மனமும் கெடும். 'அந்த எண்ணம் இன்னும் வருதாப்பா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்பது வெறும் பயம். 'எங்க மானத்தை வாங்கிட்டியே' என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை. விழித்துக் காவல் காப்பதை வீட்டில் மூன்று பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால் அவரும் தூங்கலாம்.

மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. தம்பிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அம்மாவுக்கும் இவை பயன்படும். மறுபடி அந்தப் பேச்சு வந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், வண்டிக்கு 108. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரியுங்கள். 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த ரிவ்யூ தேதி இல்லையென்றால், இந்த வாரமே போய் ஒரு தேதி வாங்கிவிடுங்கள்.