ஒலி ஓரிடம், தாளம் வேறிடம்



மைக்ரோப்ராசஸர் லேபில் 8085 கிட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஹெக்ஸ் கோடு தட்டி முடித்து, ரன் பண்ணப் போகும் நேரத்தில் கரண்ட் போனால் எப்படி இருக்கும்? நம்மில் அந்த அனுபவம் இல்லாதவர் யார்? திரும்பத் தட்டினால் ப்ரோக்ராம் வந்துவிடும். எனக்கு ஒரு தடவை போனது திரும்பத் தட்டினாலும் வராத சமாச்சாரம். அதைச் சொல்லி, சாம்ப்ளர் சீக்வென்ஸர் என்ற கருவியையும் விளக்கலாம் என்றுதான் மலர்க் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

நான் இசிஇ மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அப்பா லோடு ஏற்றும் வேலை, அம்மா நூறு நாள் வேலை. தாத்தா உறுமிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து டவுனில் ஓர் அண்ணன் வைத்திருக்கும் சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஒயர் சுற்றுவது, ஜாக் பற்றவைப்பது என்று கைவேலை பார்க்கிறேன். அங்கேதான் அந்த மெஷினைப் பார்த்தேன். அண்ணன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அகாய் எம்பிசி 2000.

இந்த வரிசையில் முதல் மெஷின் எம்பிசி 60. அது 1988-ல் வந்தது. வடிவமைத்தவர் ரோஜர் லின் என்ற அமெரிக்கர், தயாரித்தது ஜப்பானின் அகாய். நிஜ டிரம் ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து வாசிக்கும் எல்எம்-1 என்ற டிரம் மெஷினை அவர் 1980-லேயே கொண்டுவந்துவிட்டார். எம்பிசி 60-ல் மெமரி எவ்வளவு தெரியுமா? 13.1 வினாடி ஒலிக்கு மட்டும்! விநாடிக்கு 40,000 சாம்பிள், 2-ன் அடுக்கு 19, அதாவது 5,24,288 சாம்பிள்களுக்கு இடம். வகுத்துப் பாருங்கள், 13.1 வரும். நாம் பரீட்சைக்கு நெட்டுரு போட்ட சாம்ப்ளிங் தேற்றம் இங்கே காசாக நிற்கிறது. ரேட்டைக் கூட்டினால் ஒலி சுத்தம், ஆனால் நேரம் குறையும். 1997-ல் வந்த எம்பிசி 2000-ல் ரேட் 44,100, ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட். ஆகவே ஒரு வினாடி மோனோ ஒலிக்கு 88,200 பைட். ஒரு ஃப்ளாப்பியில் பதினாறு வினாடி சொச்சம்தான் பிடிக்கும்.

மெஷினின் முகப்பில் பதினாறு ரப்பர் பேட். தட்டினால் ஒலி வருகிறது. "பேட்டுக்குள் ஒலி இருக்கிறது" என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. பேட்டுக்குள் ஒன்றும் இல்லை, அது வெறும் சுவிட்ச் (எவ்வளவு அழுத்தமாகத் தட்டினோம் என்பதையும் சொல்லும் சுவிட்ச்). பேட்டைத் தட்டினால் ஒரு நோட் எண் பிறக்கிறது. 35 முதல் 98 வரை மொத்தம் 64 எண்கள். ஏ, பி, சி, டி என்று நாலு பேங்க், பேங்குக்குப் பதினாறு பேட், கணக்கு சரியா? அந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று சொல்லும் அட்டவணைதான் ப்ரோக்ராம். ஒலியோ மெமரியில் வேறெங்கோ கிடக்கிறது. 8085-ல் எச்எல் ஜோடியில் முகவரியை வைத்து, 'எம்' என்று சொன்னால் அந்த முகவரியில் இருப்பதை எடுப்போமே, ஏறக்குறைய அதுதான். ஒலியை மாற்ற பேட்டைத் தொட வேண்டாம், அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

சீக்வென்ஸர் பக்கம் வருவோம். ரெக்கார்ட் அழுத்தி நாம் தட்டியதை அது பதிகிறது. எதை? ஒலியை அல்ல. ஒவ்வொரு தட்டலுக்கும் நாலு விவரம்: எந்த நேரம், எந்த நோட் எண், எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் (1 முதல் 127 வரை). அவ்வளவுதான். நாடக நோட்டில் "ராஜா உள்ளே வருகிறார்" என்று எழுதியிருக்கும், ராஜா நோட்டுக்குள் இருக்க மாட்டார் அல்லவா? இப்படிப் பதிந்த ஒரு துண்டுக்கு சீக்வென்ஸ் என்று பெயர். எம்பிசி 2000-ல் 99 சீக்வென்ஸ், ஒவ்வொன்றிலும் 64 டிராக். இவற்றை "முதலாவதை நாலு தரம், பிறகு மூன்றாவது" என்று கோத்தால் சாங்.

நேரத்தை எப்படி அளக்கிறது? ஒரு தாளத் தட்டை 96 கூறாக வெட்டுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு அரை வினாடி, ஒரு கூறு 5.2 மில்லி வினாடி. தட்டில் கால் பங்கு 24 கூறு. டைமிங் கரெக்ட் என்று ஒரு வசதி உண்டு. அதைக் கால் தட்டில் வைத்தால், நீங்கள் 21-ல் தட்டினாலும் 27-ல் தட்டினாலும் 24-க்கு இழுத்துப் போட்டுவிடும். ஸ்விங் வசதியோ, இரண்டாவது தட்டலைக் கொஞ்சம் தள்ளிப் போடும். 50 சதவீதம் என்றால் 24-க்கு 24, சமம். 75 என்றால் 36-க்கு 12. எங்கள் ஊர்ப் பையன்கள் ஆடும் ஆட்டமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பது என் சொந்த ஆராய்ச்சி!

சரி, தாத்தா கதைக்கு வருகிறேன்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிறு, அண்ணனிடம் கெஞ்சி அனுமதி வாங்கித் தாத்தாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அதுதான் அந்த உறுமல். மறு பக்கத்தில் அடி. தேய்ப்பு ஒன்று, அடி மூன்று, மொத்தம் நாலு ஒலி எடுத்து ஏ-01 முதல் ஏ-04 வரை வைத்தேன். தேய்ப்புக்கு மட்டும் கையை எடுத்ததும் ஒலி நிற்கும்படி நோட் ஆஃப் முறை. பிறகு தாத்தாவையே பேடில் தட்டச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். "இது என்னடா பணியாரச் சட்டி மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் பிடித்துக்கொண்டார்.

போட்டுக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. "நான் அடிச்சது இது இல்லையேடா பேராண்டி. யாரோ பள்ளிக்கூடத்துப் பய அடிச்ச மாதிரி இருக்கு."

டைமிங் கரெக்ட் கால் தட்டில் இருந்தது. மெஷினை ஆன் செய்தால் அப்படித்தான் வரும். ஆஃப் செய்து மறுபடி எடுத்தோம். இந்த முறை தலையாட்டினார். டெட்ராய்ட்டில் ஜே டில்லா என்று ஒருவர் இருந்தார், 2006-ல் இறந்துவிட்டார். எம்பிசி 3000-ல் டிரம் தட்டல்களைக் கட்டத்தை விட்டுக் கொஞ்சம் முன்னும் பின்னும் வைத்துப் பேர் வாங்கியவர். அவருடைய மெஷினை வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றித் தெரியாமலே தாத்தா அதைக் கேட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

சேவ் செய்யப் போனேன். திரையில் பல வகை. அதில் 'ஆல்' என்று ஒன்று. ஆல் என்றால் எல்லாம்தானே? நம் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் எட்டியது. அழுத்தினேன், நொடியில் முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒலிகள் சேர்ந்திருந்தால் ஃப்ளாப்பி அரை நிமிஷமாவது கரகரவென்று ஓடியிருக்கும்.

தாத்தா ஆடி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பதாம் நாளுக்கு வீட்டில் போட்டுக் காட்டலாம் என்று ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போய் லோடு செய்து ப்ளே அழுத்தினேன். பார் எண் ஓடுகிறது. சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன். எண் மட்டும் ஓடுகிறது. அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, 'ஆல்'னா எல்லா சீக்வென்ஸும் சாங்கும் மட்டும்தான். ப்ரோக்ராமும் ஒலியும் 'ஏபிஎஸ்'ஸில் தனியா சேவ் பண்ணணும். மேனுவல்ல இருக்கே" என்றார். இருந்தது. நான்தான் படிக்கவில்லை. கரண்ட் நின்றதும் ஒலிகள் ராமோடு போய்விட்டன.

அன்றைக்கு அழுதேன், மறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, போனது எது, இருப்பது எது என்று. தாத்தா எப்போது தட்டினார், எவ்வளவு அழுத்தினார் என்பது ஒன்று விடாமல் இருக்கிறது. என்ன ஒலி என்பதுதான் இல்லை.

உறுமி வீட்டில் ஆணியில் தொங்கியது. சித்தப்பா வாசிப்பார். அவரை அழைத்துவந்து அதே உறுமியில் ஒலி எடுத்தேன். எந்தப் பேடில் எந்த ஒலி என்று நான் குறித்து வைக்கவில்லை, அது அடுத்த முட்டாள்தனம். ஸ்டெப் எடிட் திரையைத் திறந்து ஒவ்வொரு தட்டலாகப் பார்த்தேன். நோட் 37 மட்டும் நீளம் 40, 60 கூறு என்று இருந்தது, மற்றதெல்லாம் குட்டை. கை எடுக்காமல் அழுத்தியிருக்கிறார், ஆகவே அதுதான் தேய்ப்பு. அதை வைத்தவுடன், மற்ற இரண்டு அடிகளைச் சித்தப்பா காதாலேயே சொல்லிவிட்டார். அவர் வேறொன்றும் பேசவில்லை, நாலு தரம் திரும்பப் போடச் சொன்னார்.

இப்போது 'ஆல்' ஒரு ஃப்ளாப்பியில், 'ஏபிஎஸ்' இன்னொன்றில், இரண்டுக்கும் ஒவ்வொரு நகல், பேட் விவரம் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள். ஏ-04 மட்டும் பிடிபடவில்லை. முழு சீக்வென்ஸிலும் மூன்று இடத்தில்தான் வருகிறது, மெதுவான தட்டு. அந்த மாதிரி அடி எது என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு எந்த ஒலியும் போடாமல் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.