மௌனம் சாதிக்கும் மொரிஸ் மைனர்

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய 1958-ஆம் வருஷத்து மொரிஸ் மைனர், சில மாதங்கள் நின்ற பிறகு, ஸ்டார்ட்டர் நன்கு சுழன்றும் எஞ்சின் பற்ற மறுக்கிறது. குற்றம் எங்கே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழலுமானால் பாட்டரி மீது சந்தேகம் வேண்டாம், 948 சி.சி. கொள்ளளவுள்ள அந்த எளிய எஞ்சினுக்கு வேண்டியவை பெட்ரோலும், தக்க தருணத்தில் ஒரு தீப்பொறியும், சிலிண்டருக்குள் போதிய அழுத்தமுமே யாதலால், அவற்றைக் கிரமமாகப் பரீட்சிப்பதே விவேகம்.

முதலில் சாவியைத் திருப்பிச் செவிகொடுங்கள். எஞ்சினறையிலுள்ள எஸ்.யு. மின்சாரப் பம்பு சில முறை 'டிக் டிக்' என்று ஒலித்து ஓய்ந்தால், கார்புரேட்டர் நிரம்பியது என்று பொருள். ஓயாமல் ஒலித்தால் டாங்கி காலியாக இருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மௌனமாயிருந்தால், பம்பின் மின்தொடுமுனைகள் களிம்பேறியிருப்பது சகஜம்.

பம்பு சரியாயிருந்தால், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டுகளை நோக்குங்கள். நெடுநாள் நின்ற வாகனங்களில் ஈரத்தால் அவற்றின் முகம் மங்கி, தீப்பொறி நலிந்துவிடுவதே பெரும்பாலும் காரணமாகையால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காக அமையுங்கள். அதன் பின்னும் பற்றாவிடில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். அழுத்தத்தை அளப்பது கடைசிப் பரீட்சை.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், வியாதி தீர்ந்தாலும் காரணம் விளங்காது.