படகின் உறை ஏன் உப்புகிறது?

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் பலர் தம் சிறு விசைப்படகை டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் பூட்டி ஏரிக்கு இழுத்துச் செல்வர். படகை மூடிய துணி உறை, கார் வேகமெடுத்ததும் பலூன் போல் உப்பும். சில சமயம் கிழிந்தும் போகும். சரக்கு லாரியின் தார்ப்பாயில் நீங்களும் இதைக் கண்டிருப்பீர்கள்.

காரணம் என்ன? படகின் வளைந்த மேற்புறத்தைத் தாண்டும் காற்று வேகம் கூடி ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. உறைக்குள் உள்ள காற்றோ படகோடு சேர்ந்தே வருகிறது. அதன் அழுத்தம் குறைவதில்லை. ஆகவே உறை மேலே தள்ளப்படுகிறது. முன்புறம் இடைவெளி இருந்துவிட்டால் எதிர்க்காற்றும் உள்ளே புகுந்து முட்டும்.

அந்த எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கணக்கிடுவோமா? காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோகிராம். காரின் வேகம் மணிக்கு 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்குங்கள்: சதுர மீட்டருக்கு 375 நியூட்டன். ஏறத்தாழ 38 கிலோகிராம் எடைக்குச் சமம்! வேகத்தை 45 கி.மீ. ஆகக் குறைத்தால் இது பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும்.

உறை கிழியாவிட்டாலும் தொல்லைதான். படபடக்கும் துணிக்கடியில் சிக்கிய மணல், உப்புத்தாள் போலப் படகின் பளபளப்பைத் தேய்த்துவிடும். எனவே உறையை நாடாக்களால் இறுக்கி, தொய்யாதபடி அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள். படகு துறையில் நிற்கும்போது மூடுவதற்கென்றே தைத்த தொளதொள உறையானால், கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டுப் புறப்படுவதே மேல்.