ஃப்ளோ சைட்டோமெட்ரி தரவுக்குக் குறிப்பு எழுதும் முறை

ஃப்ளோ சைட்டோமீட்டர் செல்களை ஒற்றை வரிசையில் லேசர் கதிருக்குக் குறுக்கே ஓடவிட்டு, ஒவ்வொரு செல்லும் சிதறடிக்கும் ஒளியையும், அதன்மேல் ஒட்டியிருக்கும் சாயங்கள் உமிழும் ஒளியையும் அளக்கிறது. சில நிமிடங்களில் லட்சக்கணக்கான செல்கள் பதிவாகிவிடும். ஆனால் கருவி தருவது எண்களை மட்டுமே. எந்த எண் எந்தப் புரதத்தைக் குறிக்கிறது, ரத்தம் எந்த நோயாளியுடையது, மருந்துக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பது எதுவும் கருவிக்குத் தெரியாது. டியூபில் ஆன்டிபாடியைச் சேர்த்தவருக்கே தெரியும். அவர் அதை அன்றே, அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பதுதான் இந்தத் துறையில் குறிப்பு எழுதுவதன் முதல் விதி. ஆய்வுக் கட்டுரை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட விவரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எழுதிவைப்பதற்கான இடம் 1984 முதலே இருக்கிறது. அந்த ஆண்டு வெளிவந்த எஃப்.சி.எஸ். என்ற கோப்பு வடிவம் 1990இல் 2.0, 1997இல் 3.0, 2010இல் 3.1 என வளர்ந்து, இப்போது 3.2 பதிப்புக்கு வந்திருக்கிறது. பன்னாட்டு சைட்டோமெட்ரி சங்கமான ஐசாக் இதைப் பராமரிக்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் கோப்பின் அமைப்பு ஒன்றுதான். தலைப்பகுதியில் பதிப்பு எண்ணும், மற்றப் பகுதிகள் தொடங்கும் இடங்களும் இருக்கும். அடுத்து எழுத்துப் பகுதி, அதன்பின் அளவீடுகள். எழுத்துப் பகுதியைச் சாதாரண எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கோப்பை இப்படித் திறந்து பார்ப்பது நல்லது. டிடெக்டர் வோல்ட்டேஜ், மொத்த செல் எண்ணிக்கை, பதிவு தொடங்கிய நேரம் எல்லாம் அங்கே தாமாகவே பதிவாகியிருக்கும். மனிதர் நிரப்பவேண்டிய இடங்கள் மட்டும் காலியாகக் கிடக்கும்.

காலியாகக் கிடப்பவற்றில் மிக முக்கியமானது சேனலின் இரண்டாவது பெயர். ஒவ்வொரு சேனலுக்கும் கோப்பில் இரண்டு பெயர்ப் புலங்கள் உண்டு. மூன்றாவது சேனல் என்றால் 'பி3என்', 'பி3எஸ்'. முதலாவது டிடெக்டரின் பெயர். அதைக் கருவியே எழுதும். இரண்டாவது, அந்த டியூபில் அந்த டிடெக்டர் எதைப் பார்க்கிறது என்பது. முதலாவதில் 'ஃபிட்சி-ஏ' என்றிருக்கும். ஆனால் அன்று போட்ட சாயம் அலெக்சா 488 ஆக இருக்கலாம், செல்லே உண்டாக்கும் ஜி.எஃப்.பி. புரதமாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே டிடெக்டரில்தான் விழும். இரண்டாவது புலம் காலியானால், ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் அதை ஃபிட்சி என்றே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுதினால் மட்டும் போதாது, ஒரே மாதிரி எழுதவேண்டும். ஒருவர் 'சிடி3' என்பார், இன்னொருவர் 'ஆன்டி-சிடி3' என்பார், மூன்றாமவர் சாயத்தின் பெயரையும் சேர்த்து 'சிடி3 ஃபிட்சி' என்பார். சிசிஆர்7, சிடி197 இரண்டும் ஒரே புரதம். பிடி-1, சிடி279 இரண்டும் அப்படியே. இறந்த செல்களைக் காட்டும் சாயத்துக்கு ஒரே ஆய்வகத்துக்குள் நாலு பெயர் புழங்குவதும் உண்டு. கண்ணால் பார்ப்பவருக்கு இவை ஒன்றென்று புரியும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் நிரலுக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு சேனல்தான். பெயரைச் சீராக்குவதிலேயே பகுப்பாய்வாளரின் நாட்கள் போகின்றன. பேனலை, அதாவது ஒரு டியூபில் சேர்க்கும் ஆன்டிபாடி-சாயத் தொகுப்பை, வடிவமைக்கும்போதே பெயர்ப் பட்டியலை முடிவு செய்து, கருவியின் மென்பொருளில் டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். கையால் தட்டச்சு செய்யும் வாய்ப்பையே குறைப்பதுதான் வழி. சேனலின் முதல் பெயருக்குள் காற்புள்ளி வரக்கூடாது, ஏனெனில் ஒளிக் கசிவைப் பதியும் ஸ்பில்ஓவர் மேட்ரிக்ஸில் 3.1 பதிப்பில் அந்தப் பெயர்கள் காற்புள்ளியால்தான் பிரிக்கப்படுகின்றன.

ஆன்டிபாடியின் பெயரோடு அதன் குளோன் பெயரும் வேண்டும். சிடி3க்கு ஓகேடி3, யுசிஎச்டி1, எஸ்கே7 எனப் பல குளோன்கள் விற்பனையில் உள்ளன. குளோனுக்குக் குளோன் ஒட்டும் இடமும் பிரகாசமும் மாறும். கேட்டலாக் எண், லாட் எண் இரண்டும் குறிப்பில் இருக்கட்டும். லாட் எண் அவசியமா என்று கேட்பவர்கள் பி.ஈ.-சை7 போன்ற டான்டம் சாயங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு சாயங்களை இணைத்துச் செய்யப்படுபவை இவை. லாட்டுக்கு லாட் இணைப்பின் அளவு வேறுபடும். வெளிச்சத்தில் வைத்தால் இணைப்பு சிதைந்து, பி.ஈ. சேனலில் கூடுதல் ஒளி கசியும். பழைய லாட்டில் எடுத்த, கசிவைக் கணக்கிட உதவும் காம்பென்சேஷன் கன்ட்ரோலைப் புதிய லாட்டுக்குப் பயன்படுத்தினால் இல்லாத செல் கூட்டம் ஒன்று தோன்றிவிடும். அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க லாட் எண் ஒன்றே துணை.

கருவி விவரங்களில் கருவியை நம்பக்கூடாத இடம் ஒன்று உண்டு: ஃபில்டர். 530/30 என்றால் 530 நானோமீட்டரை மையமாக வைத்து 30 அகலம், அதாவது 515 முதல் 545 வரை. 525/50 என்றால் 500 முதல் 550 வரை. யாரோ ஒருவர் தம் சோதனைக்காக ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகியிருப்பார். பல கருவிகளில் மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய விவரத்தையே எழுதிக்கொண்டிருக்கும். பொதுக் கருவியில் வேலை செய்பவர்கள் பேனலைப் புதிதாகத் தொடங்கும் நாளிலாவது ஃபில்டரின் விளிம்பில் அச்சிட்டிருப்பதை நேரில் படித்துக் குறித்துக்கொள்ளவேண்டும்.

காம்பென்சேஷன் என்பது ஒரு சாயத்தின் ஒளி பக்கத்து டிடெக்டரில் கசிவதைக் கணக்கிட்டுக் கழிப்பது. அந்த ஸ்பில்ஓவர் மேட்ரிக்ஸ் கோப்புக்குள்ளேயே இருக்கும். காம்பென்சேஷன் செய்யாத மூல எண்களும் மேட்ரிக்ஸும் தனித்தனியாக இருப்பதே சரியான ஏற்பாடு. பின்னால் வருபவர் மேட்ரிக்ஸைத் திருத்திக்கொள்ள முடியும். கழித்து முடித்த எண்களைப் புதுக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பழைய மேட்ரிக்ஸையும் அதிலேயே விட்டுவிட்டால், அடுத்த மென்பொருள் இரண்டாம் முறையும் கழித்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் பூட்டிவைத்து, மாற்றியவற்றை வேறு ஃபோல்டரில் வைக்கும் ஆய்வகங்களில் இந்தக் குழப்பம் அரிது. கோப்பு மாற்றப்பட்டதா, எப்போது, யாரால் என்று பதிவதற்கு 3.1 பதிப்பில் தனிப் புலங்களே உண்டு.

கேட்டிங் என்பது வரைபடத்தில் எல்லை போட்டு செல் கூட்டங்களைப் பிரிப்பது. ஒரே கோப்பை இரண்டு பேரிடம் கொடுத்தால் எல்லை வேறுபடும். கேட்டின் படம் மட்டும் போதாது. அதன் ஆயங்களும், அச்சுக்குப் பயன்படுத்திய உருமாற்றமும் வேண்டும். லாஜிக்கிள் அளவுகோலில் பூஜ்யத்தைச் சுற்றியுள்ள அகலத்தை மாற்றினாலே ஒரு கூட்டம் இரண்டாகப் பிளந்து தெரியும். இவற்றை மென்பொருள் சாராமல் எழுதுவதற்கு ஐசாக் உருவாக்கியது கேட்டிங்-எம்.எல். வடிவம். அதற்கு ஏற்றுமதி செய்ய இயலாதபோது, எஃப்.எம்.ஓ. கன்ட்ரோலை (ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்றவற்றைச் சேர்த்த டியூபை) பார்த்து எல்லை போட்டதா, கண்மதிப்பா என்ற ஒரு வரியையாவது கேட்டின் பக்கத்தில் எழுதலாம்.

இவையனைத்தையும் ஒழுங்குபடுத்த 2008இல் மிஃப்ளோசைட் என்ற குறைந்தபட்சத் தகவல் தரநிலை வெளியானது. சோதனையின் நோக்கம், மாதிரியும் ரீஏஜன்ட்டுகளும், கருவி, பகுப்பாய்வு என நான்கு பகுதிகள். சோதனை தொடங்கும்போதே இந்த நான்கையும் வெற்றுப் படிவமாகத் திறந்துவைத்து நிரப்பிக்கொண்டே போவது எளிது. மாதிரி விவரங்களை எக்ஸெலில் வைப்பவர்கள் நெடுவரிசையை முதலில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடவேண்டும். '3-4' என்ற மாதிரி எண் தேதியாக மாறிவிடும், '007' வெறும் 7 ஆகிவிடும். அதன்பின் கோப்போடு பொருத்த முடியாது.

தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுமுன் எழுத்துப் பகுதியை மீண்டும் ஒருமுறை எடிட்டரில் திறக்கவேண்டும். கோப்பின் பெயரிலிருந்து நோயாளியின் பெயரை நீக்கியவர்கள் பலர், உள்ளே மாதிரிப் பெயர் புலத்திலும் மூலக் கோப்புப் பெயர் புலத்திலும் அதே பெயர் இருப்பதைக் கவனிப்பதில்லை. கருவியை இயக்கியவரின் பெயருக்கும் தனிப் புலம் உண்டு. பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணைப் பதிவின்போதே பயன்படுத்தியிருந்தால், இந்த நேரத்தில் நீக்க ஒன்றும் இருக்காது. குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் மருத்துவக் குழுவிடம் தனியாக இருக்கட்டும். தரவு இருக்கும் ஃபோல்டரில் வேண்டாம்.