பிள்ளைகளின் உடற்பருமனைத் தவிர்த்தல்: குடும்பத்தின் பங்கு

கொழுத்த குழந்தையே ஆரோக்கியமானது என்னும் எண்ணம் பல குடும்பங்களில் இன்றும் நிலவுகிறது. எனினும், சிறுவயதின் மிகை எடை பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பை அதிகரிக்கிறது. தெற்காசியருக்கு அவ்வாய்ப்பு ஏனையோரைவிட மிகுதியாகும்.

குடும்பத்தினர் அனைவரும் பின்பற்றத்தக்க பழக்கங்கள்:

• குடிநீர்: 375 மி.லீ. மென்பான டின் ஒன்றில் ஏறத்தாழ 10 தேக்கரண்டி சீனி உள்ளது. தாகத்திற்குத் தண்ணீரே சிறந்தது.

• உணவு: சோற்றைச் சற்றுக் குறைத்துக் காய்கறி, கீரை, பருப்பைக் கூட்டலாம். வயிறு நிறைந்த பிள்ளையை மேலும் உண்ணுமாறு வற்புறுத்தலாகாது.

• உடலியக்கம்: அவுஸ்திரேலிய வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடங்கள் தேவை. பொழுதுபோக்குத் திரைநேரம் 2 மணித்தியாலங்களை மீறலாகாது.

• உறக்கம்: 5 முதல் 13 வயதினருக்கு 9 முதல் 11 மணித்தியாலங்கள்.

வளரும் பிள்ளையை எடை குறித்துக் கேலி செய்வதும் பட்டினியிடுவதும் தீங்கானவை. ஐயம் இருப்பின் குடும்ப வைத்தியரை நாடுதல் நன்று.