பாலித் தீவுக்குப் புறப்படும் இளம் பொறியாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீர்ப்பாசனப் படிப்பை முடித்த கையோடு பாலித் தீவுக்குக் கல்விப் பிரயாணம் போவதாகவும், அங்கே பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு ஜாபிதா அனுப்பும்படியும் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஜாபிதா அனுப்ப எனக்கு விருப்பமில்லை. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த ஜாதிலுவியின் படிக்கட்டு வயல்களை எல்லோரும்தான் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். நீயும் ஒரு காலைப் பொழுதில் அதை முடித்துக்கொண்டு, வாய்க்கால் பிரியும் இடமொன்றைத் தேடிப் போய் உட்கார்.

அங்கே வெவ்வேறு அகலத்தில் வாய்கள் வெட்டிய கட்டையொன்று, வருகிற ஜலம் கூடினாலும் குறைந்தாலும் அவரவர் பங்கு விகிதம் மாறாதபடி, ஓட்டத்தின் குறுக்கே கிடக்கும். இப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் விவசாயிகளின் சங்கத்துக்குச் சுபக் என்று பெயர். 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அது பேசப்படுகிறது. கட்டையின் சூட்சுமம் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். விளங்கச் சிரமமானது வேறொன்று: தண்ணீரைத் தன் கையில் வைத்திருக்கும் தலைமடைக்காரன், கடைமடைக்காரனுக்காக ஏன் தன் நடவை ஒத்திப்போட வேண்டும்?

தர்ம சிந்தனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. பக்கத்து வயல்களில் பல பருவத்து நெல் நின்றால், ஓரிடத்தில் அறுப்பு முடிந்ததும் எலியும் புகையானும் அடுத்த வயலுக்குக் குடிபெயர்ந்துவிடும். சுற்று வட்டாரம் முழுவதும் ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுத்து, ஒன்றாகத் தரிசு போட்டால் அவற்றுக்குத் தீனியில்லை. அதற்காகக் கடைமடையின் ஒத்துழைப்பு தலைமடைக்காரனுக்கு வேண்டும்; கடைமடைக்கோ தலைமடையின் தண்ணீர் வேண்டும். ஆனால் ஆற்றோரம் முழுவதும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. எத்தனை சுபக்குகள் சேர்ந்து ஒரு பருவம் வைப்பது என்ற அந்த நுட்பமான கணக்கைத்தான், பத்தூர் ஏரிக்கு மேலே எரிமலை விளிம்பிலிருக்கும் உலுன் தனு கோயில் முதலாக வாய்க்கால் தலைப்பிலுள்ள சிறு கோயில் வரையில், பூஜை நாட்களின் பெயரால் தீர்த்துவைத்தார்கள்.

1970-களில் வந்த அதிகாரிகள், குறுகிய காலப் பயிரை முடிந்த போதெல்லாம் நடுங்கள் என்று உபதேசித்தார்கள். கோயிலில் நடப்பது வெறும் பூஜை என்பது அவர்கள் அபிப்பிராயம். சில ஆண்டுகளில் தண்ணீர்த் தகராறும் பூச்சிச் சேதமும் வயல்களை வாட்டின. பின்னர் ஸ்டீபன் லான்ஸிங் என்ற மானிடவியல் அறிஞர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞருடன் சேர்ந்து, இரண்டு நதிகளின் சுபக்குகளைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்த்தார். கோயில்கள் வகுத்திருந்த அளவே நல்ல மகசூலுக்கும் ஏற்றதாக இருந்தது. நம் தொழிலுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. இருந்தாலும் அவர்கள் ஆராய்ச்சியைப் படித்துவிட்டுப் போ.

அங்கே இன்னொன்றும் பார்ப்பாய்: அறுப்பு முடிந்த வயலுக்குள், துணி கட்டிய கழியொன்றை நட்டுவிட்டு வாத்துக்காரன் போய்விடுவான். அவன் திரும்பும் வரையில் வாத்துகள் கழியை விட்டு வெகுதூரம் போகாமல், உதிர்ந்த நெல்லையும் பூச்சியையும் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். அந்தக் காட்சியில் மனம் சொக்கி, அங்கே எல்லாம் சத்திய யுகம் என்று எழுதிவிடாதே. வயல்கள் ஹோட்டல்களுக்கு விலையாகின்றன. பையன்கள் சேற்றில் இறங்குவதைவிடச் சுற்றுலா வேலையை விரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

முடிந்தால் கடைமடைக் குடியானவர் ஒருவர் வீட்டில் இரண்டு இரவு தங்கு. மேலே உள்ள வயலில் விடுதி எழும்பியதும் அந்த வயலின் தண்ணீர்ப் பங்கு யாருக்குப் போயிற்று என்றும், சுபக்கின் கூட்டத்துக்கும் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கும் அந்த முதலாளி ஆள் அனுப்புகிறாரா என்றும் அவரிடம் கேள். அவர் சொல்லும் பதிலை, உன் வியாக்கியானம் கலக்காமல், அன்றிரவே எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்